மன்னிப்பும் விடுதலைப் பத்திரமும்

கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து 44 வயதுப் பெண் ஒருவர் ஏழு பக்கங்களில் எழுதிய கடிதம் என் மேசைமேல் இருக்கிறது. அவரையும் அவருடைய உறவினர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, பதிலுக்குத் தேவையானவற்றை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன்.

2023 ஐப்பசியில் மழை விடாமல் பெய்த ஓர் இரவு, அவருடைய ஒரே மகன், 19 வயதுப் பிள்ளை, தன் தாய்மாமன் ஓட்டிய சரக்கு வண்டியில் வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு மூட்டைகளோடு புறப்பட்டான். வண்டி மாமனுடையது. ஏற்றியிருந்த மூட்டைகளில் எட்டு, இவர்கள் தோட்டத்தில் விளைந்தவை. கணவருக்கு முதுகுவலி என்பதால் அவற்றை விற்றுக் காசாக்கி வரும் பொறுப்பு மகனிடம் இருந்தது. பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கும் அந்தக் குறுகலான சாலையில் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது. தம்பி கை எலும்பு முறிவோடு பிழைத்துக்கொண்டார். அவர் காது குத்தும்போது மடியில் வைத்திருந்த மருமகன் பிழைக்கவில்லை. விபத்துக்கு அரைமணி நேரம் முன்பு மகன் அம்மாவைக் கைப்பேசியில் அழைத்து, "மாமா ரெண்டு நாளா தூங்கலம்மா, வண்டிய ஓரங்கட்டச் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு" என்று சொல்லியிருக்கிறான். இதை அவர் காவல்துறை விசாரணையிலும் அப்போதே கூறிவிட்டார்.

தம்பிமீது அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியதற்கும் கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்தியதற்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏ பிரிவுகளில் வழக்குப் பதிவாகி, இப்போது சாட்சி விசாரணைக்கு வந்திருக்கிறது. விபத்து நடந்து மூன்றாம் மாதம், 2024 தையில், இவர் யாரிடமும் சொல்லாமல் மலையிறங்கி, திருப்புவனத்தை அடுத்த மடப்புரம் காளி கோயிலுக்குச் சென்று, காளியே தண்டிக்கட்டும் என்று தம்பியின் பெயரைச் சொல்லிக் காசு வெட்டிப் போட்டுவிட்டு வந்தார். அதே ஆண்டு கார்த்திகையில் தாயாரும் காலமானார். கடைசியாக இவர் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன வார்த்தை, "அவன விட்றாதடி."

இப்போது சித்தப்பாவும் ஊர்ப் பெரியவர்களும் ஒரு முடிவு செய்திருக்கிறார்கள். வருகிற தையில் பூம்பாறை குழந்தை வேலப்பர் தேருக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து வடம் பிடிக்க வேண்டும். அதற்கு முன்பாக இவர் தம்பியை மன்னித்துவிட்டதாக நிரூபிக்க வேண்டும். எப்படி நிரூபிப்பது? கைப்பேசியில் மகன் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று நீதிமன்றத்தில் கூற வேண்டும். தந்தை வாங்கிய 2 ஏக்கர் 60 சென்ட் நிலத்தில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். வெட்டிப் போட்ட காசுக்குப் பரிகாரம் செய்துவிட்டு வர வேண்டும், ஏனென்றால் தம்பியின் ஆறு வயது மகளுக்கு வலிப்பு வருகிறது. விபத்துக்கான இழப்பீட்டு மனுவை இவர் இதுவரை தாக்கல் செய்யவே இல்லை. "பிள்ளை உயிருக்கு விலை பேசுவதா, அதையும் தம்பியிடமிருந்தா வாங்குவது?" என்று எழுதியிருக்கிறார். பிறகு இந்தக் கேள்வி: "கையெழுத்துப் போடவில்லை என்றால், முருகன் சந்நிதியில் நான் மன்னிக்கத் தெரியாத பாவியாக நிற்பேனா?" ஏழாம் பக்கத்தின் ஓரத்தில் இன்னொரு சிறிய கேள்வியும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள சகோதரி,

யார் பாவி என்று முருகன் சார்பில் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் பத்திரங்களையும் வாக்குமூலங்களையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படித்துப் பழகியவன். அந்தப் பழக்கத்தோடுதான் உங்கள் கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். மன்னிப்பு என்ற பெயரில் உங்களிடம் கேட்கப்படுபவை ஒரு பொய்ச் சாட்சியம், ஒரு சொத்து மாற்றம், ஒரு குழந்தையின் நோய்க்கான பொறுப்பு. இவற்றில் எது மன்னிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றையும் செய்து முடித்த பிறகும் உங்கள் மனதில் தம்பிமீது இருக்கும் கோபம் ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையாமல் இருக்கலாம். மூன்றில் ஒன்றையும் செய்யாமலேயே ஒருநாள் அது கரைந்தும் போகலாம்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஏழு பக்கங்களில் சித்தப்பா பேசுகிறார், பெரியவர்கள் பேசுகிறார்கள், தம்பியின் மனைவி வாசலில் நின்று அழுகிறார். தம்பி மட்டும் ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை. "இரண்டு வருடமாக என் முகத்தைப் பார்க்காமல் போகிறான், அவ்வளவு திமிர்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது திமிராகவும் இருக்கலாம். ஆனால் வழக்கு நடக்கும்போது சாட்சியிடம் போய்ப் பேசாதே என்று எந்த வழக்கறிஞரும் தன் கட்சிக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்வார். நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். சாட்சியைக் கலைத்தார் என்ற பழி வரும் என்பதே காரணம். ஆகவே அவருடைய மௌனத்துக்கு நீங்கள் ஒரே பொருள் கொண்டுவிட்டீர்கள், அதற்கு வேறு பொருளும் இருக்க இடமுண்டு என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் இன்னும் கேட்கவில்லை. கேட்காத ஒன்றைக் கொடுக்கவில்லை என்று உங்கள்மீது குற்றம் சாட்டுகிறவர்கள், தேர் நாளைக் கெடுவாக வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் நான் பார்த்து வந்த வழக்கம் இது: பெருந்தன்மை பற்றிய பாடம் எப்போதும் அடிபட்டவருக்குத்தான் நடக்கும்.

சாட்சிக் கூண்டில்

நீங்கள் மன்னித்துவிட்டதாகச் சொன்னால் வழக்கு அன்றே முடிந்துவிடும் என்று உங்களிடம் கூறப்பட்டிருக்கிறது. அது தவறு. கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்தியதற்கான 304ஏ பிரிவு, இரு தரப்பும் பேசிச் சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலில் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1ஆம் தேதிதான் வந்தது. உங்கள் வழக்கில் சம்பவம் அதற்கு முந்தையது என்பதால் பழைய சட்டமே பொருந்தும். வழக்கை நடத்துவது அரசு. வழக்கையே ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகும் வழி தம்பிக்கு இருக்கிறது, ஆனால் உயிர் போன வழக்குகளில் குடும்பத்தாரின் சமரசத்தை மட்டும் வைத்து ரத்து செய்ய நீதிமன்றங்கள் எளிதில் முன்வருவதில்லை.

304ஏ பிரிவில் விதிக்கக்கூடிய அதிகபட்ச சிறைத்தண்டனை 2 ஆண்டுகள். நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்துக்கொண்டு தெரிந்தே பொய் சொல்வதற்கான அதிகபட்ச தண்டனை 7 ஆண்டுகள். இரண்டு ஆண்டுக் குற்றத்திலிருந்து ஒருவரைக் காப்பாற்ற, ஏழு ஆண்டுக் குற்றத்தைச் செய்யும்படி உங்களிடம் கேட்கிறார்கள். பிறழ்சாட்சியாக மாறியவர்மீது யாரும் நடவடிக்கை எடுப்பதில்லை என்று அவர்கள் சொன்னால், நடைமுறையில் அது பெரும்பாலும் உண்மைதான் என்பதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் எனக்கு உறுத்துவது தண்டனை பற்றிய கணக்கு அல்ல. உங்கள் மகன் உங்களிடம் கடைசியாகப் பேசிய பேச்சு அது. அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று, அதைக் கேட்ட ஒரே ஆள், பலர் முன்னிலையில் சொல்ல வேண்டும் என்கிறார்கள். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கும் நீங்கள், எந்த மனதோடு தம்பியை மன்னிப்பீர்கள் என்று அவர்கள் யோசித்தார்களா என்று தெரியவில்லை.

இதே அளவுக்கு அழுத்தமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான்காம் பக்கத்தில், "அவன் குடித்திருப்பான், அதையும் சொல்லப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் குடித்திருந்ததாக மகன் சொல்லவில்லை, நீங்கள் பார்க்கவும் இல்லை. அதைச் சொல்லாதீர்கள். நீங்கள் காதால் கேட்டதை, கேட்ட சொற்களில், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அது ஏற்கத்தக்க சாட்சியமா, அதற்கு எவ்வளவு எடை என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீதிபதி. மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, சம்பவ இடத்து மகசர், மருத்துவச் சான்றுகள், அன்றைய மழை, சாலையின் நிலை ஆகிய எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் அது பார்க்கப்படும். உங்கள் ஒரு வாக்கியம் தம்பியைச் சிறைக்கு அனுப்பிவிடும் என்று அவர்கள் உங்களைப் பயமுறுத்துவது மிகை. அந்த ஒரு வாக்கியத்தால் அனுப்பிவிடலாம் என்று சில இரவுகளில் உங்களுக்குத் தோன்றியதாக நீங்கள் எழுதியிருப்பதும் மிகை.

ஒருவேளை அவர் குற்றவாளி என்று தீர்ப்பானால், தண்டனையின் அளவை முடிவு செய்யும் கட்டம் வரும். அப்போது அவருடைய குடும்பச் சூழல், நோயுள்ள குழந்தை, அவருடைய வருத்தம் முதலியவற்றை நீதிமன்றத்தின் முன் வைக்கலாம். அவர் சிறைக்குப் போக வேண்டாம் என்று இறந்தவனின் தாயாகிய உங்களுக்கு உண்மையிலேயே அந்த நேரத்தில் தோன்றினால், அதை அரசு வழக்கறிஞர் மூலம் தெரிவிக்கலாம். தோன்றாவிட்டால் தெரிவிக்க வேண்டிய கட்டாயமில்லை. உண்மையைச் சொல்லிவிட்டுத் தண்டனை வேண்டாம் என்று கேட்கும் வழி இருக்கும்போது, பொய்யைச் சொல்லித்தான் காப்பாற்ற வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

நிலம்

சித்தப்பா சொல்லும் சட்டம் மூன்று இடங்களில் பிழையானது என்பதால் இதை வேகமாகச் சொல்லி முடிக்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்கு முன்பே, 2002இல் உங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதால் பங்கில்லை என்கிறார். அந்தத் திருத்தம் பூர்வீகச் சொத்து பற்றியது. 1987இல் உங்கள் தந்தை தம் சொந்த உழைப்பில் வாங்கிய நிலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. உயில் எழுதாமல் இறந்த தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. 2014இல் தந்தை இறந்தபோது தாய், நீங்கள், தம்பி மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு வந்தது. தாயும் உயில் இல்லாமல் இறந்துவிட்டதால் அவருடைய பங்கு உங்கள் இருவருக்கும் பிரிந்து, இன்று ஆளுக்குப் பாதி, அதாவது 1 ஏக்கர் 30 சென்ட். கல்யாணத்தில் 20 பவுன் போட்டதோடு கணக்கு முடிந்தது என்பது வழக்கத்தில் சொல்லப்படும் பேச்சு. சட்டத்தில் சீர் கொடுத்ததால் பங்கு அழியாது. தாயின் கடைசி வார்த்தைதான் உயில் என்பதும் அப்படியே. இந்து ஒருவர் எழுதும் உயில் எழுத்தில் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும்.

உங்கள் தாயார் சொன்னது "அவன விட்றாதடி" என்பதுதான். நிலத்தை அவனுக்கு விட்டுக்கொடு என்று அவர் சொல்லவில்லை. விடாதே என்று சொன்னவரின் வார்த்தையைக் காட்டி விடுதலைப் பத்திரம் கேட்கிறார்கள். அவனைக் கைவிட்டுவிடாதே என்று ஒரு தாய் சொன்னாரா, செய்ததற்குப் பதில் கேட்காமல் விடாதே என்று பேரனை இழந்த பாட்டி சொன்னாரா என்பதுகூட எனக்கு உறுதியில்லை. உங்களுக்கு முதல் பொருள் என்றே தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய குரலைக் கேட்டவர் நீங்கள். அது சரியாகவே இருக்கும்.

விடுதலைப் பத்திரம் பற்றி ஓர் எச்சரிக்கை. "யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன்" என்ற வாசகம் அதில் இருக்கும். அதன்கீழ் நீங்கள் கையெழுத்திட்டு, சார்பதிவாளர் முன்னிலையில் ஒப்புக்கொண்டு பதிவாகிவிட்டால், பிறகு மனம் மாறி நீங்களாக அதை ரத்து செய்ய முடியாது. நெருக்கடியில் போட்ட கையெழுத்து என்று உரிமையியல் நீதிமன்றத்தில் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், அதற்கும் 3 ஆண்டு என்ற கால வரம்பு உண்டு. மாறாக, இப்போது கையெழுத்துப் போடாமல் இருப்பதால் உங்களுக்கு உடனடி இழப்பு ஒன்றுமில்லை. தம்பி அந்த நிலத்தில் பூண்டும் கேரட்டும் போட்டு அனுபவித்து வருவதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. உங்களுக்கு உரிமையே இல்லை என்று வெளிப்படையாக மறுத்து 12 ஆண்டுகள் அனுபவித்தால்தான் அந்த வாதம் எழும். வாரிசுச் சான்றிதழ் பெற்றுக் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பித்து வைத்துவிட்டு, பாகப்பிரிவினையை வழக்கு முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

உங்களுக்கே நிலம் வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள். அதைத் தடுக்க நான் யார்? தம்பிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, அந்தச் சிறுமியின் பெயருக்குத் தானசெட்டில்மென்ட்டாகக்கூட எழுதலாம். உங்கள் சொந்த வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்த்த பத்திரமாக, தேர் நாள் போன்ற கெடு எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில் செய்யுங்கள். எங்கள் குடும்பத்திலும் ஒரு கிணற்றுப் பங்குக்காக நானும் என் அக்காவும் பல ஆண்டுகள் பேசிக்கொள்ளாமல் இருந்தோம். கிணறு வற்றிப்போன பிறகும் வழக்கு மட்டும் நடந்துகொண்டிருந்தது. நிலத்தைப் பிடித்து வைத்திருப்பதால் ஒருவருக்கு நிம்மதி வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இழப்பீடு

இதில்தான் நீங்கள் உங்களுக்கே பெரிய தீங்கு செய்துகொண்டிருக்கிறீர்கள். விபத்து இழப்பீடு பிள்ளையின் உயிருக்கான விலை அல்ல. ஒரு விபத்து ஒரு குடும்பத்தின் வருமானத்தையும் ஆதரவையும் பறித்துவிட்டால் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ள, வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் ஆண்டுதோறும் பிரீமியம் வாங்கிச் சேர்க்கும் ஏற்பாடு. மனுவில் வண்டி உரிமையாளர் என்ற முறையில் தம்பி எதிர்மனுதாரராக இருப்பார் என்றாலும், காப்பீடு நடப்பில் இருந்து நிபந்தனைகள் மீறப்படாமல் இருந்தால் பணம் கொடுப்பது காப்பீட்டு நிறுவனம்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் இரண்டு வழிகள் உள்ளன. 166ஆம் பிரிவின்கீழ் கேட்டால் தொகை கூடுதலாக வர வாய்ப்புண்டு, ஆனால் ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். 164ஆம் பிரிவின்கீழ் கேட்டால் தொகை 5 லட்சம் ரூபாய்தான். யார்மீது தவறு என்று எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. தம்பியைக் குற்றம் சொல்லிப் பணம் வாங்க மாட்டேன் என்பது உங்கள் தயக்கமானால், சட்டத்திலேயே அதற்கு ஒரு வாசல் இருக்கிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும்.

இரண்டு இடர்கள் உண்டு. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் பயணித்தவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2003இலேயே கூறிவிட்டது. ஆனால் சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ சரக்கோடு பயணித்தால் காப்பீடு பொருந்தும். உங்கள் எட்டு மூட்டைகளின் பொறுப்பில் மகன் போனான் என்பதால் இந்த விவரம் உங்கள் மனுவின் உயிர்நாடி. மண்டிக்காரருடன் பேசியதற்கான பதிவு, மூட்டைக் கணக்கு எழுதிய நோட்டு, ஏற்றிவிட்ட ஆட்கள் என்று கிடைப்பதையெல்லாம் இப்போதே திரட்டி வையுங்கள். இரண்டாவது, காலம். 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. உங்களுக்கு அது கடந்துவிட்டது. அந்த வரம்பை எதிர்த்த வழக்குகளில், காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு பிறப்பித்திருக்கிறது. இடைக்கால உத்தரவு எத்தனை நாள் நிற்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. தேர் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. கொடைக்கானல் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள்.

வெட்டிய காசு

நீங்கள் மிகவும் கலங்கி எழுதியிருப்பது இந்தப் பகுதியைத்தான். காளியிடம் போய்க் காசு வெட்டிப் போடுவது, கேட்க வேறு நாதியில்லை என்று ஒருவர் நினைக்கும் இடத்தில் வருகிற முறையீடு. நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். காவல் நிலையத்திலும் வழக்கறிஞர் அலுவலகத்திலும் பதில் கிடைக்காதவர்கள் அங்கே போய் நிற்பதில் எங்களைப் போன்றவர்களுக்கும் பங்கிருக்கிறது. ஆனால் அந்தக் காசுதான் குழந்தையின் வலிப்புக்குக் காரணம் என்கிறீர்களே, அதை மட்டும் ஒரு வழக்கறிஞன் சோதிக்கும் முறையில் சோதித்துப் பார்க்க அனுமதியுங்கள்.

உங்கள் இரண்டாம் பக்கத்தில், வேறு ஏதோ சொல்லும் சாக்கில், ஒரு விவரம் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழந்தைக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் கண்டு முதல் தடவை வலிப்பு வந்தபோது, உங்கள் மகன்தான் பைக்கில் முன்னால் போய் ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்தான் என்று. அது 2021. நீங்கள் காசு வெட்டிப் போட்டது 2024. தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், சகோதரி. உங்கள் கையால் எழுதிய கடிதமே உங்களை விடுவிக்கிறது.

சிறு குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வரும் வலிப்பு பரவலாகக் காணப்படுவது. பலருக்கு ஐந்து, ஆறு வயதுக்குள் நின்றுவிடும். ஆறு வயதிலும் தொடர்கிறது என்றால் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். பரிகாரம் செய்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் அவர்கள் மாத்திரையை நிறுத்தி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உண்மையில் அச்சம் தந்த வரி அதுதான். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது. நீங்கள் கோயிலுக்குப் போய்ப் பரிகாரம் செய்ய விரும்பினால் அது உங்கள் மன ஆறுதலுக்காக, உங்கள் விருப்பப்படி. ஆனால் "நான் செய்ததால்தான்" என்று ஒப்புக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் ஒப்புக்கொண்டால், அந்தக் குழந்தையை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய அவசரம் அவர்களுக்கு இல்லாமல் போய்விடும். மாத்திரை விஷயத்தை உங்கள் கணவர் மூலமாவது இன்றே சொல்லி அனுப்புங்கள்.

மூன்றாம் பக்கத்தின் கீழே ஒரு வரியை எழுதி, அடித்து, அதன்மேல் மறுபடியும் அடித்திருக்கிறீர்கள். அடித்ததை மீறியும் படிக்க முடிகிறது. அதை இங்கே எடுத்து எழுதப் போவதில்லை. அன்று வீட்டில் யார் யாரிடம் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பது எந்தச் சட்டப் பிரிவிலும் குற்றமாகாது என்பதை மட்டும், கேட்காமலேயே, பதிவு செய்கிறேன். மேல்மலையில் பூண்டு எடுத்த வீட்டில் 19 வயதுப் பிள்ளை மூட்டையோடு சந்தைக்குப் போவது எல்லா வீட்டிலும் நடப்பது. தம்பிமீதுள்ள கோபம் குறைந்துவிட்டால் அந்த வரி மட்டும் தனியாக நின்று உங்களை வாட்டும் என்று பயப்படுகிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தவறான சந்தேகமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சில இரவுகளில் எதற்காக இருக்கிறோம் என்று தோன்றுவதாகவும் எழுதியிருப்பதால், இதற்கு வழக்கறிஞர் போதாது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. அடுத்த முறை அப்படித் தோன்றும் இரவிலேயே பேசுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

தேரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போக வேண்டுமா என்றால், குழந்தை வேலப்பரைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு இருந்தால் போங்கள். அவர் உங்கள் சித்தப்பாவின் சொத்து அல்ல. அந்தத் தேருக்கு முன்னால் மட்டுமன்றிப் பின்னாலும் வடம் உண்டு என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சரிவான தெருவில் முன்னால் இழுப்பவர்களின் வேகத்துக்கு விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதால்தான் பின்னால் சிலர் பிடித்து நிறுத்துகிறார்கள். அவர்களும் தேர் இழுப்பவர்கள்தான், அவர்களை யாரும் பக்தியில்லாதவர்கள் என்று சொல்வதில்லை. இந்த ஆண்டு நீங்கள் பின்வடம் பிடியுங்கள். யாராவது கேட்டால், வழக்கு முடியட்டும், தம்பியே வந்து பேசட்டும், அதுவரை நான் எதையும் எழுதியும் தர மாட்டேன், சாபமும் விட மாட்டேன் என்று சொல்லுங்கள்.

இனி, ஓரத்தில் எழுதியிருந்த அந்தச் சிறிய கேள்வி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தச் சிறுமி உங்கள் வாசலில் வந்து நின்று, "அத்தை, பேரிக்காய் இருக்கா?" என்று கேட்கிறாள் என்றும், கொடுத்தால் சமரசம் ஆகிவிட்டது என்று ஊரில் சொல்லிவிடுவார்களோ, வழக்கைப் பாதிக்குமோ, அத்தை மகன் எப்படிப் போனான் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாதே என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

கொடுங்கள். எந்த நீதிமன்றத்திலும் அது சமரசத்துக்குச் சான்றாகாது.